மன்னார் வளைகுடாத் தீவுகள்

மன்னார் வளைகுடாத் தீவுகள் என்பன தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரையை ஒட்டி, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் வரிசையாக அமைந்துள்ள 21 சிறு பவளத் தீவுகளைக் குறிக்கும். இவை இராமநாதபுரம், தூத்துக்குடி ஆகிய இரு மாவட்டங்களின் கடற்பகுதியில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியுள்ளன. தீவுகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலப்பரப்பு ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர் மட்டுமே ஆகும். எனினும் அவற்றைச் சூழ்ந்துள்ள பவளப் படிப்பாறைகள், கடற்புல் படுகைகள், அலையாத்திக் காடுகள் ஆகியவற்றின் காரணமாக இப்பகுதி இந்தியாவின் உயிர்வளம் மிக்க கடற்பகுதிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலும் 1986-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 21 தீவுகளுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலுள் மூழ்கிவிட்டன. வேறு சில தீவுகள் அரிப்பினால் சுருங்கி வருகின்றன.

அமைவிடம்

மன்னார் வளைகுடா இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் இடைப்பட்ட கடற்பகுதி ஆகும். இதன் வடக்கெல்லையில் பாம்பன் தீவும், அதிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் மணல்திட்டுகளும் உள்ளன. இத்திட்டுகள் மன்னார் வளைகுடாவைப் பாக்கு நீரிணைப் பகுதியிலிருந்து பிரிக்கின்றன. தீவுகள் ஏறத்தாழ வட அகலாங்கு 8°47' முதல் 9°15' வரையும், கிழக்கு நெட்டாங்கு 78°12' முதல் 79°14' வரையும் உள்ள பரப்பில் அமைந்துள்ளன. பெரும்பாலான தீவுகள் கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலேயே உள்ளன. பாம்பனை அடுத்துள்ள தீவுகள் மிக அருகில் இருப்பதால் கரையிலிருந்தே அவற்றைக் காணலாம்.

தீவுகளின் பட்டியல்

நிருவாக வசதிக்காகத் தீவுகள் நான்கு கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

* தூத்துக்குடிக் கூட்டம் (4): வான் தீவு, காசுவார், விலாங்குசல்லி, காரியாசல்லி
* வேம்பார்க் கூட்டம் (3): உப்புத்தண்ணி, புலுவினிசல்லி, நல்லதண்ணி
* கீழக்கரைக் கூட்டம் (7): ஆனைப்பார், வாலிமுனை, பூவரசன்பட்டி, அப்பா, தலையாரி, வாலை, முள்ளி
* மண்டபக் கூட்டம் (7): முயல் தீவு, மனோலி, மனோலிபுட்டி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை, சிங்கிள்

இவற்றுள் மண்டபக் கூட்டத்தைச் சேர்ந்த முயல் தீவே பெரியது. அதன் பரப்பு ஏறத்தாழ 129 எக்டேர் ஆகும். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி இதே பெயரில் வேறொரு நிலப்பகுதியும் உண்டு. அது தலைநிலத்துடன் இணைந்துவிட்டதால் 21 தீவுகளுள் ஒன்றாகக் கணக்கிடப்படுவதில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பம் செய்திகளில் அவ்வப்போது காணப்படுகிறது.

தீவுகளின் பெயர்கள் பலவும் கடலோர மக்களின் வழக்கிலிருந்து வந்தவை. 'சல்லி' என்பது உடைந்த சிறு கல்லைக் குறிக்கும் சொல். 'பார்' என்பது கடலடியில் உள்ள பாறைப் பரப்பைக் குறிக்க மீனவர்கள் இன்றும் பயன்படுத்தும் சொல். முத்துச்சிப்பி விளையும் இடம் முத்துப்பார் எனப்படுகிறது. நல்லதண்ணி, உப்புத்தண்ணி ஆகிய பெயர்கள், கடலில் நாள் கணக்கில் தங்கும் மீனவருக்குக் குடிநீர் எவ்வளவு முதன்மையானது என்பதைக் காட்டுகின்றன.

தோற்றமும் இயற்கை அமைப்பும்

இத்தீவுகள் எரிமலையாலோ, தலைநிலம் உடைந்து பிரிந்ததாலோ உருவானவை அல்ல. பவளப் படிப்பாறைகளின் மீது உடைந்த பவளத் துண்டுகளும், சிப்பி ஓடுகளும், சுண்ணச்சத்துள்ள பாசிகளின் எச்சங்களும், மணலும் அலைகளால் ஒதுக்கப்பட்டுக் குவிந்தமையால் இவை தோன்றின. எனவே தீவின் மண்ணில் பெரும்பகுதி அதைச் சூழ்ந்த பவளப் பாறையிலிருந்தே வருகிறது. அதே பாறை கடலலையின் விசையைத் தடுத்து, குவிந்த மண்ணைக் காக்கவும் செய்கிறது. பாறை அழிந்தால் மண் வரத்தும் நின்றுவிடும், அரணும் போய்விடும். தீவுகள் சில மறைந்ததற்கான காரணத்தை அறிய இந்த இரட்டைத் தொடர்பை அறிதல் இன்றியமையாதது.

தீவுகள் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உடையவை. இப்பகுதியில் கடல் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஒரு திசையிலும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் எதிர்த்திசையிலும் நீரோட்டம் செல்வதால், தீவுகளின் மணல் முனைகள் ஆண்டுதோறும் இடம் மாறுகின்றன. ஒரு பருவத்தில் அரிக்கப்படும் கரை மறுபருவத்தில் ஓரளவு மீள்வதும் உண்டு. ஆகவே ஒரு தீவின் பரப்பைக் குறிக்கும்போது, அளக்கப்பட்ட காலத்தையும் சேர்த்துக் குறிப்பிடுவது பொருத்தமாகும்.

நிலையான குடியிருப்பு எத்தீவிலும் இல்லை. முன்னர் மீனவர்கள் மீன்பிடிக் காலங்களில் குடிசை அமைத்துத் தங்குவதும், மீனையும் பாசியையும் உலர்த்துவதும் வழக்கமாக இருந்தது. தென்னை நடப்பட்ட தீவுகளும் உள்ளன.

உயிர் வளம்

பவளப் பாறைகள்

தீவுகளைச் சுற்றி விளிம்புப் பவளப் பாறைகளும் திட்டுப் பாறைகளும் உள்ளன. இங்கு 117 வகைக் கடினப் பவளங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. கிளைத்து வளரும் மான்கொம்புப் பவளங்களும், உருண்டு திரண்டு வளரும் பாறைப் பவளங்களும் இவற்றுள் அடங்கும். கிளைப் பவளங்கள் விரைவாக வளர்பவை. ஆனால் வெப்பத்தையும் அலைவிசையையும் தாங்கும் திறன் குறைந்தவை. திரள் பவளங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரையே வளரும். ஆனால் இடர்களைப் பெரும்பாலும் தாங்கி நிற்கும்.

பவளம் என்பது கல்லோ செடியோ அன்று. அது சொறிமுட்டைக்கு உறவான சிறு விலங்குகளின் கூட்டம் ஆகும். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் உணவு தயாரித்து அதற்கு அளிக்கின்றன. பவளத்துக்கு நிறம் தருபவையும் இப்பாசிகளே. எனவே நீர் கலங்கி ஒளி குறைந்தாலோ, வெப்பம் மிகுந்தாலோ பவளம் பாதிக்கப்படுகிறது.

கடற்புல்லும் கடற்பசுவும்

தீவுகளுக்கும் கரைக்கும் இடைப்பட்ட அமைதியான நீரில் கடற்புல் படுகைகள் பரந்துள்ளன. கடற்புல் பூத்துக் காய்க்கும் தாவரம், கடற்பாசியிலிருந்து வேறுபட்டது. இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் இப்படுகைகளில் வளர்கின்றன. மேலும் இவை மணலை வேர்களால் பிணைத்து வைத்து, அரிப்பைக் குறைக்கின்றன.

கடற்புல்லையே உணவாகக் கொண்டு வாழும் பாலூட்டி கடற்பசு ஆகும். மீனவர்கள் இதை ஆவுளியா என்றும் அழைப்பர். மூன்று மீட்டர் நீளம் வரை வளரும் இவ்விலங்கு, ஒரு நாளில் 40 கிலோகிராம் வரை புல் மேயக்கூடியது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்றை மட்டுமே ஈனுவதால் இதன் எண்ணிக்கை விரைவில் பெருகுவதில்லை. முன்னர் இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டது. வேட்டை சட்டப்படி தடை செய்யப்பட்ட பின்னும், வலைகளில் சிக்கி மூச்சுத்திணறி இறப்பது தொடர்கிறது. கடற்பசுக்களைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில், அருகிலுள்ள பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

பிற உயிரினங்கள்

பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை முதலிய ஐந்து வகைக் கடலாமைகள் இக்கடலில் பதிவாகியுள்ளன. ஓங்கில்கள், சங்குகள், கடல் அட்டைகள், கடற்குதிரைகள், கடற்பஞ்சுகள் ஆகியனவும் இங்கு வாழ்கின்றன. மனோலி, புள்ளிவாசல், பூமரிச்சான் முதலிய தீவுகளில் அலையாத்தி மரங்கள் உள்ளன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான் வகைப் பறவைகள், வற்றத்தில் வெளிப்படும் சேற்றுத் திட்டுகளில் இரை தேடுகின்றன.

குருசடைத் தீவின் மணலில் வாழும் பலனோகுளோசசு என்னும் புழு வடிவ உயிரி குறிப்பிடத்தக்கது. முதுகெலும்பற்ற உயிரிகளுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடையிலான உறவை ஆராய்வோருக்கு இது முதன்மையான சான்று ஆகும். விலங்கியல் மாணவர்கள் பாடநூலில் படிக்கும் இவ்வுயிரியை நேரில் காண நெடுங்காலமாகக் குருசடைக்கு வந்துள்ளனர்.

வரலாறு

முத்துக்குளித்தல்

மன்னார் வளைகுடா பழங்காலம் தொட்டே முத்துக்குப் பெயர்பெற்றது. தாமிரபரணி ஆற்றின் கழிமுகத்தில் இருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கியது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடல் பெரிப்பிளசு என்னும் கிரேக்கப் பயண நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்ததாகக் குறிப்பிடுகிறது. ஆற்று மண் படிந்து கடல் பின்வாங்கியதால் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக உள்ளது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, குளியாட்களைச் சுறாக்களிடமிருந்து காப்பதற்கு மந்திரம் ஓதுவோர் அமர்த்தப்பட்டதையும், அவர்களுக்கு முத்தில் ஒரு பங்கு தரப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். இவ்வாறு ஓதுவோர் தமிழில் கடல்கட்டி எனப்பட்டனர். இவ்வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

முத்துக்குளித்தலில் பரதவர், கடையர், கீழக்கரைப் பகுதி முசுலிம்கள் ஆகியோர் ஈடுபட்டனர். குளியாள் ஒருவர் கயிற்றில் கட்டிய கல்லின் எடையால் விரைவாகக் கடலடிக்கு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பிகளைக் கூடையில் சேகரிப்பார். படகில் இருக்கும் உதவியாள் அவரையும் கூடையையும் மேலே இழுப்பார். 1535-க்குப் பின், முத்துக்கடலின் மீதான உரிமைப் பூசல்களின் நடுவே பரதவர் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542-இல் பிரான்சிசு சேவியர் இக்கரைக்கு வந்தார். 1658-இல் தூத்துக்குடியை ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் முத்துக்கடல் ஆங்கிலேயர் வசமானது. அவர்கள் காலத்தில் எடுக்கப்பட்ட சிப்பிகளில் ஒரு பங்கு குளியாட்களுக்கு வழங்கப்பட்டு, எஞ்சியது அரசுக் கணக்கில் ஏலம் விடப்பட்டது.

முத்து ஒவ்வோர் ஆண்டும் கிடைப்பதில்லை. சிப்பிகள் சில ஆண்டுகள் பெருகிப் பின்னர் பல ஆண்டுகள் காணாமற் போவது இக்கடலின் இயல்பாக இருந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தல் 1961-இல் நடைபெற்றது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடியில் செயற்கை முறையில் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர்.

சங்கு குளித்தல்

முத்து நின்ற பின்னும் சங்கு நிலைத்தது. இங்கு எடுக்கப்பட்ட சங்குகள் பெருமளவில் வங்காளத்துக்குச் சென்றன. அங்கு அவற்றை அறுத்து மணமான பெண்கள் அணியும் வளையல்கள் செய்தனர். இடப்பக்கமாகத் திறக்கும் அரிய சங்கு வலம்புரி எனப்படுகிறது; பல்லாயிரம் சங்குகளில் ஒன்று கிடைத்தாலே அரிது. சங்கு குளித்தல் நெடுங்காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள சிறு சங்குகளை மீண்டும் கடலிலேயே விட வேண்டும் என்னும் விதி ஆங்கிலேயர் காலத்திலிருந்து வருவதாகும். கடல்வளத்தை அளவறிந்து எடுக்கும் எண்ணம் இக்கரைக்குப் புதியதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

அறிவியல் ஆய்வுகள்

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கார் தர்சுட்டன், 1880-களின் பிற்பகுதியில் பாம்பன், இராமேசுவரம், தூத்துக்குடிப் பகுதிகளின் கடல்வாழ் உயிரினங்களையும் முத்து, சங்குத் தொழில்களையும் ஆராய்ந்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய சேம்சு ஆர்னெல், இந்தியச் சங்கைப் பற்றிய விரிவான நூலை 1914-இல் வெளியிட்டார். குருசடைத் தீவில் மீன்வளத் துறை ஓர் உயிரியல் நிலையம் அமைத்தது. அத்தீவின் கரையோர விலங்குகளைப் பற்றிய தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்டது. 1947-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1971-இல் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் அதன் மண்டல நிலையம் இயங்குகிறது.

தீவுகளும் மக்களும்

தீவுகளுக்கு எதிரே உள்ள கரையில் பாம்பன், மண்டபம், வேதாளை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், வேம்பார், தருவைக்குளம் முதலிய ஊர்களின் மக்கள் கடலை நம்பி வாழ்கின்றனர். வள்ளம், வத்தை ஆகிய நாட்டுப்படகுகளில் சென்று வலையாலும் கூட்டாலும் மீன் பிடிக்கின்றனர். கூடு என்பது குச்சிகளையோ கம்பிகளையோ பின்னிச் செய்யப்படும் பொறி. பாறை இடுக்குகளில் வைத்து ஓரிரு நாள் கழித்து எடுக்கப்படும். 1960-களுக்குப் பின் விசைப்படகுகளின் இழுவலைகள் பெருகியதால், கடலடி கலக்கப்பட்டு நாட்டுப்படகு மீனவரின் வருவாய் குறைந்தது. இரு தரப்புக்கும் இடையே பல முறை மோதல்கள் நிகழ்ந்துள்ளன.

பாசி எடுக்கும் பெண்கள்

இராமநாதபுரம் கரையின் பெண்கள் பல தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த நீரில் இறங்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகியன இவர்கள் எடுக்கும் முதன்மையான வகைகள் ஆகும். முதல் இரண்டிலிருந்து அகார் என்னும் கூழ்மப் பொருளும், கட்டக்கோரையிலிருந்து ஆல்சினேட்டு என்னும் பொருளும் பிரித்தெடுக்கப்படுகின்றன. இவை உணவு, மருந்து, துணித் தொழில்களில் பயன்படுகின்றன.

பெண்கள் படகில் தீவு வரை சென்று, கண்ணாடி அணிந்து மூழ்கி, கையால் பாசியைப் பறித்து இடுப்பில் கட்டிய பையில் இடுவர். கூரிய பவளத்தில் கையும் காலும் கிழிபடாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வர். தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின் தீவுகளை அண்டுவது குற்றமாயிற்று. பல பெண்களுக்கு இது வேறு தொழில் இல்லாத நிலையில் வந்த தடை ஆகும். பிடிபடுவதும் பாசி பறிமுதலாவதும் அடிக்கடி நிகழ்ந்தன.

இந்நிலையில் பாசி எடுக்கும் பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டு, தங்களுக்கென விதிகளை வகுத்தனர். அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் மட்டுமாக, மாதத்துக்கு ஏறத்தாழ 12 நாட்கள் தொழிலுக்குச் செல்வது என்றும், பாசி மீண்டும் துளிர்க்கும் வகையில் அடியை விட்டுப் பறிப்பது என்றும், பவளத்தைச் சுரண்டும் கருவிகளைப் பயன்படுத்துவதில்லை என்றும் உறுதி கொண்டனர். இப்பணிக்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015-ஆம் ஆண்டின் சீகாலசி பன்னாட்டு விருதைப் பெற்றார்.

பாதுகாப்பு

மன்னார் வளைகுடாத் தீவுகளின் பாதுகாப்பு தொடர்பான முதன்மை நிகழ்வுகள் பின்வருமாறு:

* 1986: 21 தீவுகளும் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதன் எல்லை தீவுகளின் கரைப்பக்கத்தில் 3.5 பாக ஆழம் வரையும், கடற்பக்கத்தில் 5 பாக ஆழம் வரையும் ஆகும்.
* 1989: பூங்காவை மையமாகக் கொண்ட 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்திய அரசு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.
* 2000: காப்பகத்தின் பணிகளுக்கெனத் தனி அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது.
* 2001: யுனெசுகோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் பவளங்களும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன.
* 2022: ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கடல் அட்டை மீதான தடை இன்றும் விவாதத்துக்கு உரியதாக உள்ளது. கடல் அட்டையை அவித்து உலர்த்திக் கிழக்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வது இக்கரையின் பழைய தொழில். தடையால் தொழில் இழந்தோர், அளவோடு எடுக்கவும் வளர்க்கவும் இசைவு கோருகின்றனர். மணலை உண்டு தூய்மை செய்யும் இவ்வுயிரி குறைந்தால் கடலடி வளமிழக்கும் எனவும், சிறு தளர்வும் கடத்தலுக்கு வழிவிடும் எனவும் பாதுகாப்பை வலியுறுத்துவோர் கூறுகின்றனர். கடல் அட்டைக் கடத்தல் தொடர்பான கைதுகள் தொடர்ந்து செய்திகளில் வருகின்றன.

அச்சுறுத்தல்கள்

பவளம் அகழ்தல்

தீவுகளுக்கு நேர்ந்த பெருங்கேடு பவளம் அகழ்தல் ஆகும். கட்டடக் கல்லாகவும், சுண்ணாம்பு சுடுவதற்கும், சுண்ணச்சத்தை மூலப்பொருளாகக் கொள்ளும் தொழிற்சாலைகளுக்கும் பல பத்தாண்டுகள் பவளப் பாறைகள் கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு வள்ளங்களில் ஏற்றிச் செல்லப்பட்டன. தூத்துக்குடிக் கூட்டத்தில் இது மிகுதியாக நிகழ்ந்தது. அரணாக நின்ற பாறை அகற்றப்பட்டதால், விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் அரிக்கப்பட்டுக் கடலுள் மறைந்தன. தடைகள் இருந்தும் மறைவாகத் தொடர்ந்த அகழ்வு, 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் 2005 அளவில் நின்றது. ஆழிப்பேரலையின்போது இப்பகுதியின் பாதிப்பு தமிழ்நாட்டின் வடபகுதிக் கரைகளைவிடக் குறைவாக இருந்தது. இலங்கை நிலப்பரப்பு அலையின் நேர்விசையைத் தடுத்தது இதற்கு முதன்மைக் காரணம். எனினும் பாறைகளும் தீவுகளும் தமக்கு அரண் என்னும் எண்ணம் கரையோர ஊர்களில் அதன் பின்னர் வலுப்பெற்றது.

பவளம் வெளிறுதல்

கடல்நீரின் வெப்பநிலை வழக்கமான கோடை அளவைக் கடந்து 30 பாகை செல்சியசுக்கு மேல் பல வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெண்ணிறமாகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பவளம் மீளும், நீடித்தால் இறக்கும். இங்கு 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளிறுதல் நிகழ்ந்தது. 2016-ஆம் ஆண்டு நிகழ்வில், உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 23 விழுக்காடாகக் குறைந்ததாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலம் சுருங்கி வருவதால், பவளங்கள் மீள்வதற்குப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை.

2019 செப்டம்பரில் வேறொரு வகையான பாதிப்பு ஏற்பட்டது. நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிரி பெருகிப் பாம்பன், மண்டபம் பகுதிக் கடல் பச்சை நிறமாயிற்று. அது மடிந்து அழுகியபோது நீரில் கரைந்திருந்த உயிர்வளி வெகுவாகக் குறைந்ததால், மீன்களும், சிங்கிள் தீவை ஒட்டிய பகுதியில் பவளங்களும் இறந்தன.

அயல் பாசி

கப்பாபைக்கசு என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி 1990-களில் ஆய்வுக்காக மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டு, 2000-க்குப் பின் வணிக முறையில் வளர்க்கப்பட்டது. மிதவைகளில் பாசி வளர்ப்பது கரையோரக் குடும்பங்களுக்குப் புதிய வருவாய் ஆயிற்று. ஆயினும் இப்பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்து அவற்றை மூடிக் கொல்வது 2008-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் அண்டைத் தீவுகளிலும் காணப்பட்டது. கையால் அகற்றினாலும் எஞ்சும் சிறு துண்டிலிருந்து இது மீண்டும் வளர்கிறது. எனவே வாழ்வாதாரமும் பாதுகாப்பும் மோதும் இன்னோர் இடமாக இது அமைந்துள்ளது.

பிற

கரையோர ஆலைகளின் கழிவு, அனல்மின் நிலையங்களின் வெந்நீர், நகரக் கழிவுநீர், கைவிடப்பட்ட வலைகள் ஆகியனவும் பாறைகளைப் பாதிக்கின்றன. 2005-இல் தொடங்கப்பட்ட சேதுக் கால்வாய்த் திட்டத்தின் தூர்வாரும் பணி நீர்க் கலங்கலை மிகுவிக்கும் என்னும் அச்சம் எழுந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2007-ஆம் ஆண்டு இடைக்காலத் தடைக்குப் பின், சேதுத் திட்டுப் பகுதியில் அப்பணி நடைபெறவில்லை.

மீட்பு முயற்சிகள்

தூத்துக்குடியை அடுத்த வான் தீவு 1986-இல் ஏறத்தாழ 16 எக்டேர் பரப்புடையதாக இருந்தது. 2014 அளவில் இது ஏறத்தாழ 2 எக்டேராகச் சுருங்கியது. நடுவில் அரிக்கப்பட்டு இரண்டாகவும் பிளந்தது. மூன்றாவது தீவும் மூழ்கிவிடும் நிலை ஏற்பட்டதால், 2015 முதல் அதன் கடற்பக்கத்தில் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. இவை துளைகளுடன் சரிவக வடிவில் வார்க்கப்பட்ட சிமிட்டிக் கற்காரைக் கட்டமைப்புகள் ஆகும். அலை இவற்றில் மோதி விசை குறைந்து, சுமந்து வரும் மணலைத் தீவின் பக்கம் விடுகிறது. துளைகள் மீன்களுக்கு உறைவிடமாகின்றன. மேற்பரப்பில் பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர்கின்றன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இப்பணியில் பங்கேற்றன. இதன் பின்னர் வான் தீவில் அரிப்பு தணிந்து மணல் சேரத் தொடங்கியது. அடுத்து அழியும் நிலையில் உள்ள காரியாசல்லித் தீவுக்கும் இத்தகைய திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது.

இயற்கைப் பாறைகளில் உடைந்த உயிருள்ள பவளத் துண்டுகளைக் கற்காரைச் சட்டங்களில் கட்டி நடும் பணியும் 2000-களின் தொடக்கத்திலிருந்து நடைபெறுகிறது. கடற்புல்லையும் இவ்வாறே நட்டு வளர்க்கின்றனர். எனினும் நடப்படும் பரப்பு இழந்த பரப்புடன் ஒப்பிடச் சிறிதே ஆகும். ஓராண்டின் கடும் கோடை பல ஆண்டு உழைப்பை அழித்துவிடவும் கூடும். எனவே எஞ்சியுள்ள இயற்கைப் பாறைகளைக் காப்பதே முதன்மையான வழி என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

தீவுகளுக்குச் செல்லுதல்

தேசியப் பூங்காவின் பகுதி என்பதால் வனத்துறையின் இசைவின்றித் தீவுகளில் இறங்குவது சட்டப்படி குற்றம் ஆகும். இறந்த பவளத் துண்டையோ சங்கையோ எடுத்து வருவதும் தவிர்க்கப்பட வேண்டியது. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு பயனற்றதாகத் தோன்றினாலும், அது தீவின் நிலத்தில் ஒரு பகுதி ஆகும்.

இவற்றையும் பார்க்க

* மன்னார் வளைகுடா
* பாம்பன் தீவு
* கடற்பசு
* கொற்கை
* முத்துக்குளித்தல்
* பவளப் படிப்பாறை